உப்பைக் குறைத்தால் பாட்டி பறப்பாள்: மாயக்கதை எழுத ஒரு செய்முறை

ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், ஹெய்ட்டியிலும் ஜமைக்காவிலும் டிரினிடாடிலும் அமெரிக்கத் தெற்கிலும் சொல்லிவைத்த மாயக்கதைகளைப் படித்துவிட்டு, அதேபோல் தமிழில் ஒன்று எழுத வேண்டும் என்று கை துறுதுறுக்கிறதா? எழுதுங்கள். ஆனால் மண்டையோடு, ஊசி குத்திய பொம்மை, கறுப்புக் கோழி என்று ஆரம்பித்திருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வாருங்கள். அந்தப் பொம்மை சினிமா பரப்பிய சரக்கு, ஹெய்ட்டியின் வூடூ வழிபாட்டுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது.

முதல் வேலை, ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்வது. நான் உப்பைச் சொல்வேன், ஏனென்றால் அந்த மரபு முழுக்க உப்பு சிதறிக் கிடக்கிறது. டிரினிடாடில் சூக்குயான் என்று ஒரு கிழவி: பகலில் பக்கத்து வீட்டுப் பாட்டி, இரவில் தோலை உரித்து வைத்துவிட்டு நெருப்புப் பந்தாகப் பறந்து சாவித் துவாரம் வழியாக நுழைந்து ரத்தம் குடிப்பாள். அவள் கழற்றி வைத்த தோலைக் கண்டுபிடித்து உப்பைத் தடவிவிட்டால் போதும், திரும்ப வந்து மாட்டும்போது எரிச்சல் தாங்காமல் துடிப்பாள். ஹெய்ட்டியில் ஜோம்பி என்பது மனிதக் கறி தின்னும் பிணம் இல்லை, செத்த பிறகும் எவனோ ஒருவனுடைய வயலில் கூலியில்லாமல் வேலை செய்கிறவன். உப்பில்லாத சோறு போடும் வரைதான் அவன் அடங்கியிருப்பான், நாக்கில் உப்பு பட்டால் தான் செத்துப்போனது ஞாபகம் வந்து நேராகத் தன் குழிக்கு நடந்துவிடுவான். அப்புறம் பறக்கும் ஆப்பிரிக்கர்கள். உப்பு தின்னாதவர்கள் வயலில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எழும்பி, கடலைத் தாண்டி ஊருக்குப் பறந்து போனார்கள், உப்பு தின்றவர்கள் உடம்பு கனத்துத் தரையிலேயே தங்கிவிட்டார்கள் என்று கரீபியத் தீவுகளில் சொல்வார்கள்.

இந்தக் கதைகள் வெறும் கற்பனையில் முளைக்கவில்லை. அடிமைகளுக்கு அளந்து போட்ட உணவில் உப்பு மீன் முக்கியமானது, எசமான் கொடுத்த உப்பு அது. 1803இல் ஜார்ஜியா மாநிலத்தின் செயின்ட் சைமன்ஸ் தீவில், அடிமைகளாகக் கொண்டுபோன மேற்கு ஆப்பிரிக்க இக்போ மக்கள் படகைக் கைப்பற்றி, கரை சேர்ந்ததும் கழிமுகத் தண்ணீருக்குள் இறங்கி நடந்தார்கள். பலர் மூழ்கினார்கள். ஊர்க்கதையில் அவர்கள் சாகவில்லை, பறந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். மாயம் எங்கே தேவைப்பட்டது என்று இதில் தெரிகிறதல்லவா? உங்கள் கதையிலும் அந்த இடத்தை முதலில் கண்டுபிடியுங்கள். யாருக்கு வேறு வழியே இல்லை?

இனி நம் மலேசியாவுக்கு, பினாங்குக்கு வருவோம். ஆயர் ஈத்தாமில் 11ஆவது மாடி வீடு, ஒரு பாட்டி, மகள், பேரன். பாட்டிக்கு பிரஷர். கிளினிக்கில் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். மகள் கெட்டிக்காரி, குறைக்கவில்லை, அடியோடு நிறுத்திவிட்டாள். கொஞ்ச நாளில், விளக்கு வைக்கும் நேரத்தில், பாட்டியின் குதிகால் தரையைத் தொடவில்லை என்பதைப் பேரன் கவனிக்கிறான். காகிதம் நுழையும் அளவுதான் இடைவெளி. அடுத்த வாரம் பாட்டியின் செருப்பு தேயவே இல்லை. மகளுக்குத் தெரிந்ததும் சன்னல் கிரில்லுக்கு இன்னொரு பூட்டு போடுகிறாள், சௌராஸ்தா சந்தையில் கருவாடு வாங்கி வந்து ரகசியமாகக் குழம்பில் போடுகிறாள்.

இந்த இடத்தில் நின்று சட்டத்தை எழுதி வையுங்கள்: எவ்வளவு உப்புக்கு எவ்வளவு கனம், இறங்கிவிட்டால் மறுபடி எழும்ப எத்தனை நாள் ஆகும், அதற்கு என்ன விலை. கதையில் இதையெல்லாம் விளக்க வேண்டாம், ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நினைத்தபோதெல்லாம் வேலை செய்கிற மாயம் வாசகனுக்கு மூன்றாவது பக்கத்திலேயே சலித்துவிடும்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது, பாட்டி எங்கே பறப்பாள்? அந்தக் கதைகளில் பறக்கிறவர்களுக்குப் போய்ச்சேர ஓர் ஊர் இருந்தது. நம் பாட்டி பிறந்தது செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீட்டில், தமிழ்நாட்டை டிவியில்தான் பார்த்திருக்கிறாள், அந்த லயம் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புத் திட்டம். பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, கூப்பிடும் சத்தம் இன்னும் விடியற்காலையில் காதில் கேட்கிறது, ஆனால் போய் இறங்க ஒரு பால்மரம்கூட இல்லை. சிறகை அந்தக் கதைகளிலிருந்து வாங்கலாம், இந்தக் கேள்வியை நாம்தான் போட வேண்டும். இதை விட்டுவிட்டால் அவர்கள் கதைக்குச் சேலை கட்டிவிட்டதாகத்தான் இருக்கும்.

அதே சமயம், தோட்டக் கூலியும் அடிமையும் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். ஆள்பிடித்து வேலை வாங்கிய கங்காணியின் கடனும் தோட்டத்து எழுத்தர் கிராணியின் கணக்கும் கொடுமைதான், ஆனால் மனிதனையே சொத்தாக விற்றது வேறு கணக்கு. விவரம் தெரிந்த வாசகன் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவான்.

தெய்வங்கள் விஷயத்தில் இன்னும் கவனம். ஹெய்ட்டியின் வூடூ தெய்வங்களான லெக்பா, சாவோடு சேர்ந்த கெடே, கியூபாவிலும் பிரேசிலிலும் வணங்கும், மேற்கு ஆப்பிரிக்க யோருபா மக்களின் தெய்வங்கள் எல்லாருக்கும் இன்றும் விளக்கேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கெடேக்கு ரம், சுருட்டு. நம் முனியாண்டிக்கும் சுருட்டு, சாராயம். உடனே இரண்டும் ஒன்றென்று எழுதக் கை போகும், பொறுங்கள். முனீஸ்வரரை ரத்தவெறி பிடித்த பேயாக எவனாவது எழுதினால் நமக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

இரண்டு மரபும் நிஜமாகவே சந்தித்த இடம் வேண்டுமென்றால், கரீபியக் கடலில் பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக் இருக்கிறது. 1848இல் பிரெஞ்சுக்காரர்கள் அடிமை முறையை ஒழித்தபின், 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களை அங்கே கரும்பு வெட்டக் கப்பலேற்றினார்கள். அவர்களோடு மாரியம்மனும் மதுரைவீரனும் போனார்கள், கடலில் காப்பாற்றும் நாகூர் ஆண்டவரும் போனார். அதே நாகூராருக்கு இங்கே பினாங்கில் லெபோ சூலியா தெருவில் தர்கா இருக்கிறது. தர்கா வாசலில் நிற்கும் ஒருவர் மார்த்தினிக்கில் கேட்ட வேண்டுதலுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால்? இதை நான் எழுதப்போவதில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லும் குரலுக்கு வருகிறேன். ஹெய்ட்டியில் கதைசொல்லி 'கிரிக்?' என்பார், கூட்டம் 'கிராக்!' என்று பதில் கொடுத்தால்தான் கதை தொடங்கும். நம் வீட்டில் ம் கொட்ட ஆள் வேண்டும். அதனால் கதையை ஒருவரிடம் சொல்வதுபோல் எழுதுங்கள், பேரன் தன் வகுப்புத் தோழனிடம் சொல்லட்டும், தோழன் நம்பாமல் குறுக்கே கேட்கட்டும். கானாவிலிருந்து ஜமைக்கா போன அனான்சி சிலந்தியின் கதைகளில் பலமில்லாதவன் தந்திரத்தால் ஜெயிப்பான், சில சமயம் தன் தந்திரத்திலேயே மாட்டி அடியும் வாங்குவான். பாட்டியும் கொஞ்சம் கள்ளியாக இருக்கட்டும், கருவாட்டை வாயில் ஒதுக்கிவைத்து முந்தானையில் துப்பட்டும். அழுதுகொண்டே இருக்கும் பாட்டி எல்லாக் கதையிலும் இருக்கிறாள்.

கடைசியாக, அடிக்குறிப்பு போடாதீர்கள். சூக்குயான் என்றால் என்ன என்று பேரன் ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பெயர் உங்கள் கதைக்குத் தேவையில்லை, எடுத்துவிடுங்கள்.