பழைய மாணவரைப் பற்றி எழுத விரும்பும் ஆசிரியருக்கு

ஓய்வு பெற்றபின் எழுத உட்காரும் ஆசிரியர்களில் பலர், மருத்துவராகவோ ஆட்சியராகவோ உயர்ந்த மாணவரைத்தான் முதலில் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான்கு பக்கம் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, அவர் பெற்ற பட்டங்களும் பதவிகளும் வரிசையாக இருந்தனவே தவிர, என் வகுப்பில் சன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையைக் காணவில்லை. ஆகவே, பிற்காலத்தில் அவர் என்ன ஆனார் என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் கண்முன்னே ஏதோ ஒரு நாளில் அவர் என்ன செய்தார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

அந்த நாளைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். வருகைப் பதிவேடுகள் பள்ளியோடு நின்றுவிடும். நம்மிடம் மிஞ்சுவன சில பாடக்குறிப்பேடுகளும் ஆண்டிறுதிக் குழுப் படங்களும்தான். ஒரு படத்தை எதிரில் வைத்துக்கொண்டு, அந்த ஆண்டின் பெயர்களை வகுப்பில் கூப்பிட்ட அதே வரிசையில், அதே குரலில் சொல்லிப் பாருங்கள். நாள்தோறும் சொல்லிப் பழகிய நாக்கு, மனம் மறந்த பெயரையும் அடுத்தடுத்து எடுத்துக் கொடுக்கும். எந்தப் பெயரில் தயங்கி நிற்கிறீர்களோ, அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதுங்கள்.

எழுதும் முறைக்கு, நன்னூல் என்ற பழைய இலக்கண நூலின் பாயிரத்தைவிட (முன்னுரையைவிட) நல்ல வழிகாட்டி எனக்குக் கிடைக்கவில்லை. மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம் (ஓட்டைக் குடம்), ஆடு, எருமை, நெய்யரி (நெய் வடிகட்டி) என எட்டு உவமைகளால் அதன் ஆசிரியர் பவணந்தி முனிவர் தலை, இடை, கடை என்று வகுக்கிறார். அந்தத் தரவரிசையை நான் பரிந்துரைக்கவில்லை. ஆண்டுக் கணக்கில் அதை வைத்துப் பிள்ளைகளை அளந்ததற்காக இன்று வருந்துகிறேன். ஆனால் அதிலுள்ள எழுத்து நுட்பம் அருமையானது. அறிவுடையவன், மந்தமானவன் என்ற அடைமொழி எதுவும் அங்கே இல்லை. ஓட்டைக் குடம் ஒழுகுகிறது, ஆடு செடிக்குச் செடி தாவி மேய்கிறது, நெய்யரி நெய்யை விட்டுவிட்டு அழுக்கைப் பிடித்துக்கொள்கிறது. செயல் ஒன்றே ஆளைக் காட்டிவிடுகிறது. உங்கள் பக்கத்திலும் ‘சுட்டியான’, ‘பண்பான’ போன்ற சொற்களை அடித்துவிட்டு, அவ்விடத்தில் அந்தப் பிள்ளை செய்த ஒரு செயலை வையுங்கள்.

நான் இல்லிக்குடம் என்று தீர்மானித்திருந்த மாணவர் ஒருவர் உண்டு. செய்யுளின் சீர்களை அளக்கும் தேமா, புளிமா என்ற வாய்பாடு அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் நான் வெண்பாவை வாசிக்கும்போதெல்லாம் விரலால் பெஞ்சில் தட்டிக்கொண்டிருப்பார். இடையூறு என்று கருதி வெளியே நிறுத்தினேன். ஓய்வுக்குப்பின் நானே வெண்பா எழுத முயன்றபோது, நான்கடிக்குள் பதினைந்து சீர்களை அடக்கிவிட்டேன், ஆனால் ஓசை ஓடவில்லை. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று சீரோடு சீர் இணையும் விதியை ஒப்பித்தும் அந்த இணைப்பு, அதாவது தளை, தட்டிய இடம் புலப்படாமல், ஒருநாள் மேசையில் தாளமிட்டுப் பார்த்தேன். விரல் இடறிய இடத்தில்தான் பிழை இருந்தது. அவர் அன்று செய்துகொண்டிருந்தது இதைத்தான். நாம் தவறாகக் கணித்த மாணவரை எழுதும்போதுதான் நம்முடைய படைப்புக்கு உயிர் வருகிறது என்பது என் அனுபவம். அந்தத் தவறை மழுப்பாமல் எழுதுங்கள்.

அவர்களுடைய பேச்சை அவர்கள் ஊர் வழக்கிலேயே விட்டுவிடுங்கள்; விடைத்தாள் திருத்துவதுபோல் திருத்த வேண்டாம். ஒரு மாணவருக்கு ஒரு பக்கம் போதும்.

பெயரையும் ஊரையும் மாற்றுங்கள். குடும்ப வறுமை, சாதி, மதிப்பெண் ஆகியவை ஆசிரியர் என்ற நம்பிக்கையில் நமக்குத் தெரியவந்தவை. உரியவர் இசைவின்றி அவற்றை எழுதும் உரிமை நமக்கு இல்லை. எவரிடமும் காட்டுவதற்கு முன் அவருக்கே படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். தாளமிட்ட மாணவருக்கு நான் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “ஒரு நாள் இல்லீங்க ஐயா, மூணு நாள் வெளிய நின்னேன்” என்றார். அப்படியே திருத்தி எழுதினேன்.