டிவி திரையின் படத்தரத்தைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு கடையில் பத்து டிவி வரிசையாக ஓடினால், கண் முதலில் போய் நிற்பது அதிக வெளிச்சமான திரையில்தான். வெளிச்சம் கூடினால் நிறமும் அழுத்தமாகத் தெரியும். இது கண்ணின் இயல்பு; ஹன்ட் விளைவு என்பார்கள். அதனால் இரண்டு திரைகளை ஒப்பிடுமுன் இரண்டிலும் ஒரே பிக்சர் மோடை வைத்து, வெள்ளைப் பரப்பு ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும்வரை பேக்லைட்டை (திரைக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம்) சரிசெய்யச் சொல்லுங்கள். கடைக்காரர் தயங்கினாலும் ரிமோட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கடையில் பெரும்பாலும் 'விவிட்' மோடுதான் ஓடும். அதில் வெள்ளை நீலம் பாய்ந்திருக்கும். படம் தயாரிப்பவர்கள் வைத்துக்கொள்ளும் வெள்ளை 6500 கெல்வினை (வெள்ளையின் நிறத்தை அளக்கும் அலகு) ஒட்டியது. டிவியில் 'மூவி' மோடும் 'வார்ம்' நிறமும் அதற்குக் கிட்ட வரும். மாற்றியவுடன் படம் மஞ்சளடித்தது போலத் தெரியும். அதைக் கண்டு பழையபடி மாற்றிவிடுவதுதான் தவறு. கண் பழக ஐந்து நிமிடமாவது கொடுங்கள். பிறகு முகங்களைப் பாருங்கள். நம் மாநிறம் சாம்பல் பூத்தோ செம்மண் பூசியது போலவோ தெரிந்தால் அந்த அமைப்பு சரியில்லை.

கடைக்காரர் போடும் விளம்பரப் படம் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். பென் டிரைவில் நீங்களே மூன்று படங்கள் கொண்டுபோங்கள். முதலாவது, தேயிலை மலை: இளங்கொழுந்தின் வெளிர்பச்சையும் முற்றிய இலையின் கரும்பச்சையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், விவிட் மோடில் இரண்டும் ஒரே பச்சையாகிவிடும். இரண்டாவது, பனிமூட்டம்: வெண்மை படிப்படியாக மங்க வேண்டும், பட்டை பட்டையாக உடையக்கூடாது. மூன்றாவது, இரவில் எடுத்த படம்: இருட்டில் இருப்பவை கறுப்பில் கரைந்துவிடக்கூடாது. வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் வேண்டாம். அவை சுருக்கப்பட்டவை, பட்டை படத்திலேயே இருக்கக்கூடும்.

அதிகம் பேர் தவறுவது 'பிரைட்னஸ்' என்ற சொல்லில். பல டிவிகளில் அது வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை, கறுப்பின் அளவைத்தான் மாற்றுகிறது. அறை இருட்டாக இருக்கிறதென்று அதைக் கூட்டினால் கறுப்பு சாம்பலாகி, படம் முழுக்கப் புகை படிந்தது போலிருக்கும். குறைத்தால் கருங்கூந்தலின் இழைகள் மறைந்துபோகும். வெளிச்சம் வேண்டுமென்றால் தொட வேண்டியது பேக்லைட்டை. பிரைட்னஸைச் சரிசெய்ய, முழுக் கறுப்பின் மேல் 5, 10, 15 அளவுக் கட்டங்கள் (0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை) உள்ள சோதனைப் படத்தைப் போடுங்கள். 5 மட்டுமட்டாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். ஷார்ப்னஸை எழுத்தோரங்களில் வெள்ளைக்கோடு மறையும்வரை இறக்குங்கள்.

தூரத்தையும் கணக்கிட வேண்டும். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கைப் பிரித்தறியும். 43 அங்குல ஃபுல் எச்டி திரையில் புள்ளிகள் ஏறக்குறைய 1.7 மீற்றருக்கு, அதாவது ஐந்தரை அடிக்கு அப்பால் தனியாகத் தெரியாது. 10க்கு 12 அடிக் காம்பராவில் எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு அதே அளவு 4கே (ஃபுல் எச்டியைவிடப் புள்ளிகள் அதிகமான) திரையால் கூர்மை கூடாது. அந்தக் காசை நல்ல பேனலுக்கு, அதாவது படம் காட்டும் திரைத் தகட்டுக்குக் கொடுக்கலாம். எல்சிடி டிவி பேனல்களில் விஏ, ஐபிஎஸ் என்ற இரு வகைகளைப் பார்க்கலாம். நேராக உட்கார்ந்து இரவில் பார்ப்பவருக்கு விஏ பேனலின் ஆழ்ந்த கறுப்பு பொருந்தும். குடும்பம் பக்கவாட்டில் பரந்து உட்காருமானால் ஐபிஎஸ் நல்லது. விஏயில் ஓரத்திலிருந்து பார்த்தால் முகம் வெளிறும்.

மழைக்காலத்தில் டிஷ் வழியாக வரும் படம் சதுரம் சதுரமாக உடைந்தால் பேனலைக் குறை சொல்லாதீர்கள். மழை அலையை உறிஞ்சுவதால் சிக்னல் நலிகிறது. அதேபோல் 576 வரிச் சேனலை (எச்டி அல்லாத சாதாரணத் தரச் சேனல்) பெரிய திரையில் ஓடவிட்டால் மங்கலாகத்தான் இருக்கும்.

நுவரெலியாவின் ஜனவரி விடியலில் போட்டவுடன் ஓடும் பந்துக்குப் பின்னால் வால் தெரிந்தால், குளிரில் திரவப் படிகம் மந்தமாவது காரணமாக இருக்கலாம். அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு மறுபடி பாருங்கள்.

வீட்டில் வைத்தபின், வழக்கமாகப் பார்க்கும் நேரத்திலேயே சோதியுங்கள். மூட்டமான பகலிலும் எதிர்ச் சன்னலின் வெளிச்சம் திரையில் பட்டுக் கறுப்பைச் சாம்பலாக்கும். திரையைச் சற்றுத் திருப்பினாலே பாதிக் குறை தீரும். இரவில் முழு இருட்டில் பார்ப்பதைவிட, டிவிக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு சிறு வெள்ளை விளக்கு எரியட்டும்.