வேலியோரம் ஷெட் போடுமுன்: இங்கிலாந்தில் பிளானிங் அனுமதி வேண்டுமா என்று நீங்களே பார்ப்பது எப்படி

புல்வெட்டும் மெஷின், பிள்ளைகளின் சைக்கிள், வருடத்தில் இரண்டு தரம் மட்டும் எடுக்கும் பெரிய கிடாரம். இவற்றை வைக்கப் பின்வளவில் ஒரு மர ஷெட் போட்டால் நல்லது என்று தோன்றும். பலரும் கடையில் காசைக் கட்டிவிட்டுத்தான் "கவுன்சிலில் கேட்கவேணுமோ?" என்று யோசிக்கிறார்கள். தயவுசெய்து முதலில் அளவுநாடாவை எடுங்கள், காசைப் பிறகு கட்டலாம்.

நான் எழுதுவது இங்கிலாந்தின் சட்டத்தை மட்டும் வைத்துத்தான். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி விதிகள் உண்டு.

1. உங்கள் வீட்டுக்கு அந்த உரிமை இருக்கிறதா?

சாதாரண வீட்டின் வளவில், குறித்த அளவுக்குள் ஷெட் கட்டுவதற்கு விண்ணப்பமே வேண்டாம். 2015ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று அந்த உரிமையைத் தருகிறது. கவுன்சில்காரர் இதை 'பெர்மிட்டட் டெவலப்மென்ட்' என்பார்கள். ஃபிளாட்டுக்கும், இரண்டு தட்டு ஃபிளாட்டான மேஸனெட்டுக்கும் இந்த உரிமை கிடையாது. பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம், அதாவது 'லிஸ்டட்' வீடு என்றால் அதன் வளவில் ஷெட்டுக்கும் அனுமதி எடுக்க வேண்டும். பழைமை காக்கக் கவுன்சில் ஒதுக்கிய 'கன்சர்வேஷன்' பகுதியில் வீட்டின் பக்கவாட்டில் கட்டுவதற்கும் அப்படித்தான்.

புதிய குடியிருப்புகளில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். அந்த வீடுகளைக் கட்ட அனுமதி கொடுத்தபோதே கவுன்சில் இந்த உரிமையை நிபந்தனை போட்டு எடுத்துவிட்டிருக்கலாம். பழைய அனுமதிக் கடிதத்தைக் கவுன்சிலின் இணையத்தளத்தில் தேடி வாசியுங்கள்.

2. எல்லை எது?

ஊரில் வேலி அடைக்கும்போது கதியால் ஒரு சாண் தள்ளிப் போய்விட்டது என்று தொடங்கி, பேரப்பிள்ளை காலம் வரை வழக்கு நடத்திய குடும்பங்களை யாழ்ப்பாணத்தார் எல்லோருக்கும் தெரியும். இங்கேயும் வேலிதான் எல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. காணிப் பதிவகத்தின் வரைபடத்தில் உள்ள சிவப்புக் கோடு பொதுவான எல்லையை மட்டுமே காட்டும். அதை வைத்து அங்குலக் கணக்குப் பார்க்க முடியாது. "இடப்பக்க வேலி எப்போதும் நம்முடையது" என்று சொல்வார்கள், அப்படி ஒரு சட்டம் இல்லை. காணி உறுதியில் 'ரி' (T) என்ற ஆங்கில எழுத்துப்போல ஒரு குறி இருந்தால், அது எந்தப் பக்கத்து வேலி யாருடையது என்பதற்கு ஒரு தடயம்.

சந்தேகம் இருந்தால் அரை மீற்றராவது உள்ளே தள்ளிக் கட்டுங்கள். அந்த இடைவெளியில் நின்றுதான் நாளைக்கு ஷெட்டுக்குப் பெயின்ற் அடிக்கப் போகிறீர்கள். கூரைத் தண்ணீரும் அயல் வீட்டுப் பக்கம் வடியாது.

3. உயரம்: இங்கேதான் கூடுதலாகப் பிழை விடுகிறார்கள்

எல்லையிலிருந்து 2 மீற்றருக்குள் ஷெட் வருகிறதா? அப்படியானால் அதன் மொத்த உயரம் 2.5 மீற்றரைத் தாண்டக்கூடாது. ஷெட்டின் ஒரு மூலை மட்டும் 2 மீற்றருக்குள் வந்தாலும் முழு ஷெட்டுக்கும் இதே அளவுதான். பக்கத்து வீட்டு எல்லை மட்டுமல்ல, பின்னால் ஒழுங்கை இருந்தால் அந்த எல்லையும் கணக்கு.

2 மீற்றருக்கு அப்பால் என்றால், இருபக்கச் சரிவுக் கூரைக்கு 4 மீற்றர் வரையும் மற்றக் கூரைகளுக்கு 3 மீற்றர் வரையும் போகலாம். ஆனால் கூரை சுவரைத் தொடும் இறவாரம் எங்கே கட்டினாலும் 2.5 மீற்றருக்குள் இருக்க வேண்டும். ஒரு தட்டு மட்டும். மேடை போட்டால் 30 சென்ரிமீற்றருக்கு மேல் உயரக்கூடாது.

எனக்குத் தெரிந்த ஒருவர் கடைப் புத்தகத்தில் 2.4 மீற்றர் என்று பார்த்து ஷெட் வாங்கினார். அதன் கீழே 15 சென்ரிமீற்றர் கொங்கிறீற் தளம் போட்டார். இரண்டையும் கூட்டினால் 2.55. அயல் வீட்டார் முறையிட, கவுன்சிலிலிருந்து ஆள் வந்து அளந்தார். முழுக் கூரையையும் கழற்றி உயரத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. உயரம் நிலத்திலிருந்துதான் கணக்கு, தளத்திலிருந்து இல்லை. நிலம் சரிவென்றால், ஷெட்டை ஒட்டிய நிலத்தின் மிக உயர்ந்த பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். அதற்காக மண் கொட்டி நிலத்தை உயர்த்திவிட்டு அளப்பது செல்லாது.

4. இடமும் பரப்பும்

வீட்டின் முன்முகச் சுவருக்கு முன்னால் கட்டக்கூடாது. வீடு நிற்கும் இடத்தைக் கழித்தால் மிஞ்சும் வளவில் பாதிக்கு மேல் கட்டடம் மூடக்கூடாது. பழைய ஷெட், கராஜ், பின்னால் நீட்டிய குசினி எல்லாம் அந்தப் பாதிக்குள் அடங்கும். வீடு என்றால் முதலில் கட்டிய வீடு. 1948 ஜூலை 1க்கு முந்தியது என்றால், அன்று இருந்தபடி.

5. எதற்குப் பாவிக்கப் போகிறீர்கள்?

சாமான் வைக்கலாம், தையல் வேலை பார்க்கலாம், உடற்பயிற்சி செய்யலாம். ஆனால் ஒருவரைப் படுக்க வைத்து, குசினியும் குளியலறையும் போட்டுத் தனி வீடுபோல ஆக்கினால் இந்த உரிமை பொருந்தாது. வாடகைக்கு விடும் எண்ணத்தோடு ஷெட் கட்டாதீர்கள். அதில் படுப்பவரின் உயிருக்கும் ஆபத்து.

கட்டட விதிகள் வேறு சட்டம். உள்ளே படுக்கை இல்லாமல், தளப்பரப்பு 15 சதுர மீற்றருக்குள் இருந்தால் பொதுவாக அவை பொருந்தாது. 15 முதல் 30 வரை என்றால் எல்லையிலிருந்து 1 மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும், அல்லது பெரும்பாலும் தீப்பிடிக்காத பொருளால் கட்ட வேண்டும். கரண்ட் இழுப்பதைப் பதிவுபெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். எல்லைக் கோட்டிலேயே சுவர் எழுப்பினால் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி அயல் வீட்டாருக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

6. அயல் வீட்டாரிடம் சொல்லுங்கள்

மேலே சொன்ன அளவுகளுக்குள் கட்டினால் அவர் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. ஆனாலும் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் குசினி யன்னலுக்கு வெளிச்சம் வரும் பக்கம் எது என்பது அவருக்குத்தான் தெரியும். ஒரு மீற்றர் தள்ளி வைத்தால் தீரும் விஷயத்தைக் கட்டுவதற்கு முன்பே கேட்டறிவது நல்லது.

7. கடதாசி

எல்லா அளவும் சரி என்றாலும், சட்டப்படியானது என்ற சான்றிதழைக் கவுன்சிலிடம் எடுக்கலாம். கட்டாயமில்லை. கட்டணம் முழு விண்ணப்பத்தின் பாதி. வீடு விற்கும்போது வாங்குபவரின் சட்டத்தரணி கேட்டால் இதைக் காட்டினால் போதும்.

ஏதாவது ஓர் அளவு மீறினால், பிளானிங் போர்ட்டல் என்ற இணையத்தளம் வழியாக அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். கவுன்சில் அயலாருக்கு அறிவித்து, கருத்துச் சொல்ல 21 நாள் கொடுக்கும். முடிவுக்கு வழமையாக 8 வாரம். அனுமதியில்லாமல் கட்டிவிட்டு நாலு வருடம் கழிந்தால் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்ற பழைய பேச்சை நம்பாதீர்கள். 2024 ஏப்ரல் 25 அன்றோ அதற்குப் பிறகோ முடித்த கட்டடங்களுக்கு அது 10 வருடம்.

ஷெட் எழும்பிய அன்றே, நிலத்திலிருந்து உச்சிவரை அளவுநாடாவைப் பிடித்து, எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து வீட்டு உறுதியோடு வைத்துவிடுங்கள்.