படம் இரட்டையாகத் தெரிந்தால் பூஸ்டர் வாங்காதீர்கள்

இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் முப்பது வருடங்களாக டீவி திருத்துகிறேன். படம் சரியில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: புள்ளியா, நிழலா?

திரை முழுவதும் அரிசி இறைத்ததுபோல் புள்ளிகள் இருந்தால் அலை பலம் போதவில்லை. அன்டெனாவை உயர்த்துங்கள், கேபிளைப் பாருங்கள். நம் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் கேபிளின் செப்புக் கம்பி பச்சை பிடித்துவிடும். நுனியை வெட்டிப் புதிதாகப் பூட்டினாலே பல வீடுகளில் படம் தெளிந்திருக்கிறது. அலையைப் பெருக்கும் பூஸ்டர் அதற்குப் பிறகுதான்.

நிழல், அதாவது படம் இரட்டையாகத் தெரிவது, வேறு நோய். 1982இல் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியபோதே அதன் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் 2,524 மீட்டர் உயரமான பிதுருதலாகலை உச்சியில் அமைந்தது. அங்கிருந்து ஓர் அலை நேராக வருகிறது. இன்னொன்று எதிர்மலையில் பட்டுத் தாமதமாக வருகிறது. தாமதித்த படம் வலப்பக்கம் தள்ளி விழும். பள்ளத்து லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) ஒன்றிலிருந்து ஓர் அக்கா, செய்தி வாசிப்பவருக்கு இரண்டு மூக்குத் தெரிவதாகச் சொல்லி வந்தார். அதற்குள் யாரோ அவருக்கு பூஸ்டர் விற்றிருந்தார்கள். பூஸ்டர் இரண்டு அலைகளையும் சேர்த்தே பெருக்கும். கொழுந்து பறித்த காசு அப்படிப் போனதில் எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு.

நிழலை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். நம் டீவி ஒளிபரப்பின் நிற முறையான பால் (PAL) முறையில் ஒரு நொடிக்கு 25 படங்கள், படத்துக்கு 625 வரிகள். ஒரு வரியின் கண்ணுக்குத் தெரியும் பகுதி 52 மைக்ரோ செக்கன். திரை 40 சென்டிமீட்டர் அகலமென்றால், 1 சென்டிமீட்டர் நிழல் 1.3 மைக்ரோ செக்கன் தாமதம். அலை ஒரு மைக்ரோ செக்கனில் 300 மீட்டர் ஓடுவதால், அது ஏறக்குறைய 390 மீட்டர் அதிகம் சுற்றி வந்திருக்கிறது. மலை வீட்டுக்கு நேர் பின்னால் இருந்தால் அது போய்த் திரும்பும் தூரம். ஆக மலை அதில் பாதி, ஏறக்குறைய 200 மீட்டரில் நிற்கிறது. அந்த அக்காவுக்கு நிழல் 1 சென்டிமீட்டர். அவர் காம்பராவுக்கு (லயத்து வீட்டுக்கு) பின்னால் அதே தூரத்தில் ஒரு கற்பாறைச் சரிவு இருந்தது.

இனி அன்டெனா. ஒருவர் கம்பத்தில், ஒருவர் டீவி முன்னால். விரல் அளவு திருப்பி, நிறுத்தி, பாருங்கள். கோபுரத்தை நேரே பார்க்கும் திசையில் பலம் கூடும். சற்று விலகிய திசையில்தான் பல இடங்களில் நிழல் மறையும். பலத்தை விட்டுக்கொடுத்துத் தெளிவை எடுங்கள். பின்னாலிருந்து வரும் அலையென்றால், யூ.எச்.எஃப் (உயர் அதிர்வெண் சனல்களுக்கான) அன்டெனாவின் பின்பக்கம் ஒரு மீட்டர் சதுரக் கோழி வலையைக் கட்டுங்கள். அக்கா வீட்டில் கம்பத்தை உயர்த்தவேயில்லை. பின்பக்க மண்மேடு பாறையை மறைக்கும் அளவுக்கு இறக்கினேன். மூக்கு ஒன்றானது.

நிழலோடு வரும் படத்திலும் முகத்தின் நிறம் பச்சையாகத் திரியாமல் வெளிறுவதோடு நிற்பது பால் முறையின் அருமை. வரிக்கு வரி நிறக்குறியின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி அனுப்புவதால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டீவியில் படம் வந்து சத்தம் வராவிட்டால், மெனுவில் 'பால் பி/ஜி' என்று மாற்றுங்கள்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி தொடங்கும் முன்பே அன்டெனா வயரைக் கழற்றிவிடுங்கள். இடி கேட்ட பிறகு அதைத் தொடாதீர்கள். தகரக் கூரையிலும் ஏறாதீர்கள்.