பூனைக்கு டியூப் போடுவது: குரல்வளையில் பொறுமை, கஃப்பில் சிக்கனம்

மயக்கத்தில் இருக்கும்போது மூச்சு தடையின்றிப் போக மூச்சுக்குழாய்க்குள் டியூப் விடுகிறோம்; நாய்களுக்கு அதைப் போட்டுப் பழகிய கை பூனையிடம் திணறும். டியூப்பின் நுனி லேசாகப் பட்டாலே பூனையின் குரல்வளை இறுக மூடிக்கொள்வதுதான் காரணம். முட்டித் தள்ளினால் வீக்கம், ரத்தக்கசிவு, கடைசியில் மூச்சே போகாத நிலை.

மயக்க மருந்து ஏற்றுவதற்கு முன்பே எல்லாம் மேசையில் இருக்கட்டும். 4 கிலோ பூனைக்குப் பெரும்பாலும் 4.0 மி.மீ. உள்விட்டமுள்ள டியூப் பொருந்தும், 3.5, 4.5 இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 0 அல்லது 1 எண் மில்லர் பிளேடு (நேரான தகடு) பூட்டிய லாரிங்கோஸ்கோப், அதாவது குரல்வளையைப் பார்க்க உதவும் விளக்குக் கருவி, போதும். கஃப்பை, அதாவது டியூப்பைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் சிறு பலூனை, ஊதி 10 நிமிடம் விட்டுப் பாருங்கள், மெல்லிய கசிவு உடனே தெரியாது. நீளத்தைப் பூனையின் மேல் வைத்தே அளக்க வேண்டும்: நுனி தோள்பட்டை முனையைத் தாண்டினால் ஒரு நுரையீரலுக்குத்தான் காற்று போகும். டியூப்பை விறைப்பாக வைக்க உள்ளே ஸ்டைலெட் என்ற கம்பி போட்டால் அதன் முனை டியூப்புக்கு வெளியே நீட்டக் கூடாது.

பூனை பழகுமானால் 3 முதல் 5 நிமிடம் முகமூடியில் ஆக்சிஜன் கொடுங்கள். மயங்கியதும் நெஞ்சு தரையில் படும்படி கிடத்தி, உதவியாளர் தலையைத் தூக்கிப் பிடிக்க, நாக்கை மெதுவாக முன்னே இழுங்கள். பிளேடின் முனையால் நாக்கின் அடியை அழுத்துங்கள். குரல்வளை மூடியைத் தொட வேண்டாம். குரல்வளையை மரத்துப்போகச் செய்ய 2 சதவீத லிடோகெயின் மொத்தமே 0.1 முதல் 0.2 மி.லி., அதன் இரு பக்கமும் சொட்டுங்கள். மனிதர்களுக்கான 10 சதவீத லிடோகெயின் ஸ்ப்ரே ஓர் அழுத்தத்துக்கு 10 மி.கி. தரும், சிறிய பூனைக்கு அது அதிகம். பென்சோகெயின் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனையே அது கெடுக்கும்.

இனி 60 விநாடி காத்திருங்கள். இந்த ஒரு நிமிடத்தைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். பூனை மூச்சை இழுக்கும்போது குரல்வளை திறக்கும். அப்போது டியூப்பை லேசாகத் திருகியபடி உள்ளே விடுங்கள். மூடியே இருந்தால் ஆக்சிஜன் கொடுத்து, மயக்கத்தை ஆழப்படுத்தி, மறுபடி பாருங்கள். சரியாகப் போனதா என்பதற்கு நம்பகமான சாட்சி, வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் கருவியின் அலைதான்.

கஃப்பில்தான் பெரிய ஆபத்து. மயக்க இயந்திரத்தில் மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றும் பாப்-ஆஃப் வால்வை மூடி, அதன் சுவாசப் பையை 15 முதல் 20 செ.மீ. நீரழுத்தம் வரை அழுத்துங்கள். வாயருகே காற்றொலி கேட்டால் சிறிய ஊசிக்குழலால் கால் மி.லி. வீதம் ஊதி, ஒலி நின்றதும் நிறுத்துங்கள். உடனே வால்வைத் திறந்துவிடுங்கள்! அளவுக்கு மீறி ஊதினால் மூச்சுக்குழாய் கிழியும். பல் சிகிச்சையில் பூனையைப் புரட்டும்போது இது அதிகம் நடக்கிறது; ஒவ்வொரு முறையும் டியூப்பை சர்க்யூட்டிலிருந்து (இயந்திரத்தின் சுவாசக் குழாய்களிலிருந்து) கழற்றிவிட்டே புரட்டுங்கள். ஸ்பிரிங் வாய்விரிப்பானும் கூடாது. அது வாயை அகல விரித்தே வைப்பதால் மூளைக்கு ரத்தம் குறைந்து பார்வை போன பூனைகள் உண்டு.

முடிந்ததும் கஃப்பின் காற்றை எடுங்கள். காது துடிக்கத் தொடங்கியதும், விழுங்கும் அசைவு பலமாகும் முன் உருவிவிடுங்கள். பெர்சியன் போன்ற சப்பை மூக்குப் பூனைகளுக்கு மட்டும் இன்னும் சற்று விழிக்கும்வரை விட்டுவைக்கலாம்.

வீட்டுக்கு அனுப்பும் முன் கழுத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கடியில் நறநறவென்று காற்று உணரப்பட்டால் மூச்சுக்குழாய்க் கிழிசலைச் சந்தேகித்து எக்ஸ்ரே எடுங்கள். சில பூனைகளில் இது ஓரிரு நாள் கழித்தே தெரியும் என்பதால் வளர்ப்பவரிடமும் சொல்லி அனுப்புங்கள்.