தேய்ந்த போல்ட் ரைஃபிளுக்குப் புதுக் குழல்: தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் முறை

குழல் தேய்ந்துபோன ஒரு போல்ட் ரைஃபிளைப் புதுப்பிக்க நினைப்பவர், பெரும்பாலும் தாம் ஆசைப்பட்ட தோட்டாவின் பெயரோடுதான் துப்பாக்கிப் பட்டறைக்குப் போகிறார். குழலை மாற்றலாம், மரக்கட்டையை மாற்றலாம், விசையையும் மாற்றலாம். ஆனால் தோட்டாவைப் பின்னாலிருந்து தள்ளி அடைக்கும் போல்ட்டும், அது பூட்டிக்கொள்ளும் உலோகச் சட்டமான ரிசீவரும் பழையவையாகவே இருக்கப்போகின்றன. எனவே எந்தத் தோட்டா என்ற கேள்விக்கு அவை இரண்டும்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கும் முன்னால் காகிதம். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க முடியாது. இங்கே தோட்டக்காரர்கள் பன்றி விரட்ட வைத்திருப்பது பெரும்பாலும் ஷாட்கன்தான். தனியாரிடம் ரைஃபிள் இருப்பது அபூர்வம். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ உரிமத்தோடு ரைஃபிள் வைத்திருப்பவர், தோட்டாவின் அளவை மாற்றும் எண்ணம் இருந்தால், மாநிலப் போலீஸ் தலைமையகத்தில் எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்கிய பிறகே பட்டறைக்குப் போக வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குடியேறிவிட்ட நம்மவர்களுக்கு அந்தந்த நாட்டுச் சட்டம். எங்கிருந்தாலும் குழல் மாற்றுவது உரிமம் பெற்ற கைவினைஞரின் வேலை. தேர்வு மட்டுமே நம்முடையது.

குழல் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். செம்புப் படிவு அடைத்த குழலும் குறி தவறும். நன்றாகச் சுத்தம் செய்தால் சில துப்பாக்கிகள் உயிர் பெற்றுவிடும். தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குச் சற்று முன்னால் உள்ள பகுதி வறண்ட குளத்துச் சேறு போல வெடித்துக் கிடந்து, குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரிகளின் விளிம்பும் மழுங்கியிருந்தால் குழல் முடிந்தது. பழைய இராணுவத் தோட்டாக்களின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) விட்டுச்செல்லும் உப்பு ஈரத்தை இழுப்பதால், நம் ஊர்ப் புழுக்கத்தில் துருக்குழிகளும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்து ரிசீவர். போல்ட்டின் முன்முனையில் உள்ள பூட்டுப் புடைப்புகள் சென்று உட்காரும் இடத்தைக் கைவினைஞர் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். பல்லாண்டு அழுத்தத்தில் அந்த இரும்பு பின்னுக்கு அமுங்கியிருந்தால், போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது ஓரிடத்தில் தட்டி நிற்கும். புடைப்பு தான் தோண்டிய பள்ளத்திலிருந்து ஏறி வருவதால் வரும் தடை அது. அப்படிப்பட்ட ரிசீவருக்குப் புதுக் குழல் போடுவது பணத்தை வீணாக்குவதாகும். அமெரிக்க இராணுவத்தின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்களில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் 800,000-க்குக் குறைந்த வரிசை எண்களும், ராக் ஐலண்ட் ஆலையின் 285,507-க்குக் குறைந்த வரிசை எண்களும் கொண்டவை உடையக்கூடிய இரும்பு என்று பெயர் வாங்கியவை. எந்தத் தோட்டாவுக்கும் அவற்றைச் சீர்படுத்த வேண்டாம்.

ரிசீவர் தேறினால், போல்ட்டின் முகம் தோட்டாக் கூட்டின் எந்த அளவு அடிவிளிம்பைப் பிடிக்கும் என்று அளக்க வேண்டும். பழைய ஜெர்மன் இராணுவ ரைஃபிளான மவுசர் 98-இன் போல்ட் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் விளிம்புக்காகச் செய்யப்பட்டது. 7×57, 8×57, .30-06, .270, .308, .243, 9.3×62 ஆகிய தோட்டாக்கள் எல்லாம் அந்தக் குடும்பம். .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற அகன்ற தோட்டாக்களுக்குப் போல்ட் முகத்தைக் கடைந்து அகலமாக்க வேண்டியிருக்கும். அதில் இரட்டை நட்டம்: போல்ட் மெலிகிறது, அதன்மேல் விழும் விசையோ கூடுகிறது. ஐரோப்பியத் தர அமைப்பான சி.ஐ.பி. 8×57 ஐ.எஸ். தோட்டாவுக்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 390 மெகாபாஸ்கல், அந்த மேக்னத்துக்கு 430. கூட்டின் அடிப்பரப்பும் பெரியது என்பதால், போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும் விசை சுமார் 30 விழுக்காடு ஏறிவிடும். நூறாண்டு பழைய இரும்பிடம் இதைக் கேட்பது நியாயமில்லை.

தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினின் நீளமும் பேசும். மவுசர் 98-இன் பெட்டி 8×57 தோட்டாவின் 82 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தாராளம்; .30-06-இன் 84.8-க்கு இறுக்கம், சில துப்பாக்கிகளில் பெட்டியை உள்ளே சற்றுக் கடைய வேண்டிவரும். .308 வெறும் 71 மில்லிமீட்டர் என்பதால் பின்னால் ஓர் அடைப்புத் துண்டு வைத்தால்தான் ஒழுங்காக ஏறும். அதன் அழுத்தம் 415 மெகாபாஸ்கல் என்பதையும் மறக்கக் கூடாது. மவுசர் 98-க்கு முந்திய சுவீடிஷ், ஸ்பானிஷ் மவுசர்களுக்கு நான் .308-ஐப் பரிந்துரைக்க மாட்டேன்.

அவசரகாலத்தில் மலாயாக் காடுகளில் திரிந்த பிரிட்டிஷ் இராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டின் கதை வேறு. அதன் பூட்டுப் புடைப்புகள் போல்ட்டின் பின்புறத்தில் உள்ளன. போல்ட் தலை, மேகசின் எல்லாமே .303 தோட்டாவின் அகன்ற விளிம்புக்காகச் செய்தவை. இந்தியாவின் இஷாப்பூர் ஆலை அதே வடிவில் 7.62 நேட்டோ (ஏறத்தாழ .308) தோட்டாவுக்கென்று தயாரித்தபோது இரும்பையே வலுவானதாக மாற்ற வேண்டியிருந்தது. சாதாரண லீ-என்ஃபீல்டு கையில் இருந்தால் .303-இலேயே நிறுத்திவிடுங்கள். 4-ஆம் எண் ரகத்தில் போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை எண்ணிட்டு வருவதால், போல்ட்டுக்கும் சேம்பரில் உள்ள தோட்டாவுக்கும் இடையிலான இடைவெளியைச் சரிசெய்வதும் எளிது.

மவுசர் 98 வைத்திருப்பவருக்கு என் தேர்வு, பழைய தோட்டாவே. 8×57-க்குச் செய்த துப்பாக்கி 8×57-ஐ இடறாமல் ஊட்டும். மவுசர் கம்பெனி மேகசின் விளிம்புகளைக்கூட அந்தக் கூட்டின் சரிவுக்கேற்பவே அமைத்தது. ஆனால் ஐரோப்பியத் தயாரிப்பையே வாங்குங்கள்; 1888 ரக ஜெர்மன் ரைஃபிளின் துளை குறுகலான குழல்களை நினைத்து அமெரிக்கக் கம்பெனிகள் இதை வலுக்குறைவாக அடைக்கின்றன. பெரிய பன்றியும் சம்பர் மானும்தான் இலக்கென்றால், ஜெர்மானியரான ஓட்டோ போக் 1905-இல் இந்த மேகசினுக்காகவே வடிவமைத்த 9.3×62 சிறந்தது. இலக்குப் பலகை மட்டும் போதுமென்பவர் .308-க்குப் போகலாம், விலை குறைவு, குழலும் நெடுநாள் உழைக்கும். சிறிய துளையில் நிறைய வெடிமருந்தை எரிக்கும் தோட்டாக்கள் வேகமாகப் பாய்ந்தாலும் புதுக் குழலையும் விரைவில் தின்றுவிடும். எதை முடிவு செய்தாலும், அந்தத் தோட்டா உங்கள் ஊர்க் கடையில் தொடர்ந்து கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மலேசியாவில் உரிமமின்றி வீட்டில் தோட்டா அடைக்க முடியாது. கடையில் இல்லாத தோட்டாவுக்குத் துப்பாக்கி செய்தால் அது சுவரில்தான் தொங்கும்.

குழலின் சுருள் வீதத்தை (வரி எவ்வளவு நீளத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்பதை) நீங்கள் சுடப்போகும் குண்டின் எடைக்கேற்பக் கேட்டு வாங்குங்கள். நீளமான கனத்த குண்டுக்கு இறுக்கமான சுருள் வேண்டும். வேலை முடிந்ததும் ‘கோ’, ‘நோ-கோ’ அளவுகோல்களால் சேம்பரைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்: முதலாவதன்மேல் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதன்மேல் மூடக் கூடாது. முதலில் சுட்ட தோட்டாக் கூடுகளை எடுத்துவைத்து, அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையமோ கீறலோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சுடுவதை நிறுத்திவிட்டுத் துப்பாக்கியைப் பட்டறைக்குத் திருப்பி எடுத்துச் செல்லுங்கள். பணம் கொடுக்கும் முன் புதிய அளவு குழலின் மேல் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்றும், ரிசீவரில் பழைய அளவு இருந்தால் அது நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். .30-06 சேம்பருக்குள் .308 தோட்டா நுழைந்துவிடக்கூடும். சுட்டால் கூடு கிழிந்து வாயு முகத்தின் பக்கம் சீறக்கூடும்.