இசையில் டாக்டர் பட்டமா? விண்ணப்பிக்கும் முன்

இசையில் டாக்டர் பட்டம் ஒரே வகை என்று நினைத்துவிடாதீர்கள். பி.எச்.டி. என்றால் இசை வரலாறு, கோட்பாடு என்று ஆராய்ந்து பெரிய ஆய்வேடு எழுத வேண்டும். அமெரிக்காவில் பரவலாக உள்ள டி.எம்.ஏ. (டாக்டர் ஆஃப் மியூசிக்கல் ஆர்ட்ஸ்) பெரும்பாலும் வாசிப்பவர், பாடுபவர், இசையமைப்பவருக்கானது. அதில் கச்சேரிகளும் படிப்பின் பகுதி. எழுத்து வேலை பொதுவாகக் குறைவு. மேடைதான் உயிர் என்பவர் பி.எச்.டி.யில் மாட்டிக்கொண்டால் சாதகத்துக்கு நேரமே இருக்காது!

சரி, ஆய்வுதான் என்று முடிவா? உங்கள் ஆய்வுக்கு வழிகாட்ட நீங்கள் விரும்பும் நெறியாளரின் கட்டுரைகள் ஒன்றிரண்டைப் படித்துவிட்டு, உங்கள் கேள்வியை அரைப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். "பழைய ஒலிப்பதிவுகளை ஆராய ஆசை" என்பது போதாது. "நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் பதிய முடியும், அதற்காகப் பாடகர்கள் எதை வெட்டினார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், அவரே நிமிர்ந்து உட்காருவார்.